கடன் வாங்கிய காவல்: பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாட்டைக் கண்டறிவதும் அதனுடன் வாழ்வதும்

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையைப் பார்த்து "எதிர்ப்பு சக்தி கம்மி" என்று யாராவது சொல்லாத வீடு அநேகமாக இருக்காது. மழையில் நனைந்து தும்மினாலும் சரி, தேர்வு நேரத்தில் காய்ச்சல் வந்தாலும் சரி, நம் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். எல்லாவற்றுக்கும் புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டதால், நோய் எதிர்ப்பு அமைப்பின் ஏதோ ஒரு பகுதி பிறவியிலிருந்தே இயங்காமல் வாழ்கிறவர்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அதற்கு வலு இருப்பதில்லை. அவர்களுடைய பெற்றோரும் "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற ஆறுதலைப் பல ஆண்டுகள் கேட்டிருப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மைதான். பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆரோக்கியமான குழந்தைக்கு ஆண்டுக்கு ஏழெட்டு முறை சளி பிடிப்பது இயல்பே. அத்தனை பேருக்கு நடுவே, வளர வளர மோசமாகும் ஒரு சிலரைப் பிரித்தறிவதுதான் இந்த நோயின் முதல் சிக்கல். பல சமயம் அதுவே மிகப் பெரிய சிக்கலாகவும் ஆகிவிடுகிறது.

பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு என்பது ஒரே நோயின் பெயரன்று. எதிர்ப்பு அமைப்பைக் கட்டுவதிலோ இயக்குவதிலோ பங்குள்ள ஒரு மரபணுவில் பிழை நேர்வதால் வரும் நோய்களின் பெருங்குடும்பம் அது. இதுவரை 450க்கும் மேற்பட்ட மரபணுக்களில் அத்தகைய பிழைகள் கண்டறியப்பட்டுள்ளன. எச்.ஐ.வி. தொற்று, புற்றுநோய் மருந்துகள், கடும் ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் எதிர்ப்பாற்றல் குறையும். ஆனால் அவை வெளியிலிருந்து வந்து சேர்பவை. இது உள்ளேயே பிறந்தது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "எதிர்ப்புக் குறைபாடு" என்ற சொல்லைக் கேட்டதும் எய்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு சுற்றத்தார் விலகி நிற்பது, ஏற்கெனவே மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலையும் குடும்பத்துக்கு நோயை விடக் கூடுதலான வலியைத் தருகிறது.

எந்தப் பகுதி பழுதோ, அதற்கேற்ற கிருமிதான் உள்ளே வருகிறது. கிருமிகளைப் பிடித்து முடக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் பி செல்கள் இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் காதிலும் சைனஸிலும் நுரையீரலிலும் திரும்பத் திரும்பக் குடியேறும். மற்ற எதிர்ப்பு அணுக்களை வழிநடத்தும் டி செல்கள் இல்லாவிட்டால் வைரஸ்களும் பூஞ்சைகளும், மற்றவர்களை ஒன்றும் செய்யாத நுண்ணுயிர்களும்கூட உயிரைப் பறிக்கும். கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள் விழுங்கியும் கொல்ல முடியாத நிலையில் இருந்தால், தோலிலும் கல்லீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் சீழ்க்கட்டிகள் தோன்றும். ரத்தத்தில் சங்கிலி போல ஒன்றையொன்று தூண்டிக் கிருமியைக் கொல்லும் காம்ப்ளிமென்ட் புரதங்களின் கடைசிக் கண்ணிகள் இல்லாதவரை, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமி தேடி வந்து தாக்கும், அதுவும் ஒருமுறையோடு நிற்காமல். ஆகவே எத்தனை முறை தொற்று வந்தது என்பதோடு, எந்தக் கிருமி, எந்த உறுப்பில் என்பதையும் கேட்டறிகிற மருத்துவர் பாதி நோயறிதலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடித்துவிடுகிறார்.

இந்தத் துறையின் தொடக்கமும் அப்படியொரு கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கவனித்துவந்தார். நான்கு ஆண்டுகளில் பத்தொன்பது முறை அவன் ரத்தத்தில் கிருமி பரவி மருத்துவமனைக்கு வந்திருந்தான். பலமுறை அந்தக் கிருமி நிமோகாக்கஸ்தான். தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள், எதிர்ப்பொருள் உருவாகவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த எலக்ட்ரோபோரெசிஸ் என்ற மின்புல முறையில் அவன் ரத்தப் புரதங்களைப் பிரித்தபோது, எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறருடைய ரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினைத் தோலுக்கடியில் மாதாமாதம் செலுத்தியதும் அந்தத் தொற்றுகள் நின்றன. 1952இல் வெளியான அந்தச் சிறு கட்டுரையில் நோயும் அதன் சிகிச்சையும் ஒன்றாகவே அறிமுகமாயின. மருத்துவ வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதில்லை. அந்த காமா குளோபுலினே ஒரு வகையில் போரின் உபரி. காயமடைந்த வீரர்களுக்கு அல்புமின் என்ற ரத்தப் புரதம் தேவைப்பட்டதால், ஹார்வர்டில் எட்வின் கோன் குழுவினர் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைக் குளிர்ந்த ஆல்கஹால் கொண்டு பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறையை 1940களில் உருவாக்கினார்கள். அந்தப் பகுதிகளுள் ஒன்றில்தான் எதிர்ப்பொருள்கள் திரண்டிருந்தன. சிறுவனின் நோய்க்குக் காரணமான எக்ஸ் குரோமோசோம் மரபணு 1993இல்தான் அடையாளம் காணப்பட்டது. புரூட்டனின் பெயரையும் சேர்த்து அதை பி.டி.கே. என்கிறார்கள்.

எதிர்ப்பொருளே இல்லாமல் பிறக்கும் குழந்தை, பிறந்த சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். கருவில் இருக்கும்போதே தாயின் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் வகை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடுகிறது. அது ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, ஆறாவது மாத வாக்கில் தீர்ந்துபோகிறது. அதன் பிறகுதான் காது வழியத் தொடங்கும். "ஆறு மாதம்வரை கொழுகொழுவென்று இருந்தான், அதற்குப் பிறகுதான் யார் கண் பட்டதோ" என்று ஒரு தாய் சொன்னால், அந்தப் பேச்சுக்குள் ஒரு துல்லியமான மருத்துவத் தகவல் ஒளிந்திருக்கிறது.

நோயறிதல் தாமதமாவதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை, சிதறலும் காரணம். காது வலிக்கு ஒரு மருத்துவர், நிமோனியாவுக்கு இன்னொரு மருத்துவமனை, தொடைக்கட்டியைக் கீறிவிட ஓர் அறுவை மருத்துவர், விடாத வயிற்றுப்போக்குக்கு வேறொருவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சரியான சிகிச்சைதான் நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க யாருமில்லை. இந்த நோய்களுக்காக இயங்கும் ஜெஃப்ரி மோடல் அறக்கட்டளை பரப்பிவரும் பத்து எச்சரிக்கை அறிகுறிகள் அந்தக் கூட்டலைச் செய்யச் சொல்பவைதான்: ஓராண்டில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காதுத் தொற்று, ஓராண்டில் இரண்டு நிமோனியா, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனின்மை, எடையும் வளர்ச்சியும் குன்றுதல், ஆழமான சீழ்க்கட்டிகள், ஒரு வயதைத் தாண்டியும் வாயில் போகாத வெண்படலம் முதலியவை. எல்லா அறிகுறிகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. பிரிட்டனில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், குடும்பத்தில் ஏற்கெனவே இந்த நோய் இருப்பது, தொற்றைக் கட்டுப்படுத்த நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தேவைப்பட்டிருப்பது, வளர்ச்சி குன்றுவது ஆகிய மூன்றுமே மற்றவற்றை விட அதிகம் பேசின.

விலை உயர்ந்த பரிசோதனைக்குப் போகுமுன் கையிலிருக்கும் தாளையே ஒருமுறை ஊன்றிப் பார்ப்பது நல்லது. மூன்று மாதக் குழந்தையின் ரத்த எண்ணிக்கைத் தாளில் மொத்த வெள்ளையணு 8,000, அதில் டி, பி செல்கள் அடங்கிய லிம்போசைட் வகை 15 சதவீதம் என்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,200. வளர்ந்தவர்களுக்கு அது ஏற்கத்தக்க எண். தாளின் வலப்பக்கத்தில் அச்சடித்திருக்கும் இயல்பு அளவும் பல சமயம் வளர்ந்தவர்களுக்கானதாகவே இருப்பதால், சிவப்புக் குறி எதுவும் விழாது. ஆனால் அந்த வயதுக் குழந்தைக்கு லிம்போசைட் 2,500க்குக் கீழே இறங்கினாலே விசாரிக்க வேண்டும். டி செல்களே இல்லாத ஒரு குழந்தை, "எல்லாம் நார்மல்" என்ற சொல்லோடு வீடு திரும்புவது இப்படித்தான். கல்லீரல் பரிசோதனைத் தாளிலும் அதே போன்ற ஒரு தடயம் கிடைக்கும்: மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் வருவது குளோபுலின், அது டெசிலிட்டருக்கு 2 கிராமுக்கும் கீழே இருந்தால், எதிர்ப்பொருள்கள் குறைவாக இருக்கக்கூடும் என்று கருதி ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். அளவுகளைப் பார்க்க வேண்டும். அளவு இருந்தால் மட்டும் போதாது, அவை வேலை செய்கின்றனவா என்று அறிய, ஏற்கெனவே போட்ட தடுப்பூசிகளுக்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் டி, பி, என்.கே. செல்களைத் தனித்தனியே எண்ணுவதும், மரபணுப் பகுப்பாய்வும் வரும். வளர்ந்த பின் தலைகாட்டும் பொது மாறுநிலை எதிர்ப்புக் குறைபாடு என்ற வகையில், பெரும்பாலோருக்கு ஒற்றை மரபணு எதுவும் பிடிபடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடிபடாததால் நோய் இல்லையென்று ஆகிவிடாது.

இந்தக் குடும்பத்தில் அவசரநிலை என்று சொல்லத்தக்கது, ஸ்கிட் எனப்படும் தீவிர கூட்டுக் குறைபாடு. டி செல்கள் இல்லை. பி செல்கள் இருந்தாலும் டி செல்களின் துணையின்றி அவை செயல்படா. சிகிச்சையின்றி விட்டால் குழந்தை ஓரிரு வயதைத் தாண்டுவது அரிது. 1971இல் ஹூஸ்டனில் பிறந்த டேவிட் வெட்டரை உலகம் குமிழிச் சிறுவன் என்று அறிந்தது. அவனுக்கு முன் பிறந்த அண்ணன் இதே நோயில் இறந்திருந்ததால், பிறந்த சில நொடிகளில் அவனைக் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்தார்கள். பொருத்தமான எலும்பு மஜ்ஜைக்குக் காத்திருந்த அந்த வாழ்க்கை பன்னிரண்டு ஆண்டு நீண்டது. கடைசியில் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்தியபோது, அதில் மறைந்திருந்த எப்ஸ்டீன்–பார் வைரஸ் புற்றுநோயை உண்டாக்க, 1984இல் அவன் இறந்தான். இன்று எந்தக் குழந்தையையும் அப்படிக் கூடாரத்தில் வளர்ப்பதில்லை. ஆனாலும் பத்திரிகைகள் இந்த நோயைப் பற்றி எழுதும்போதெல்லாம் குமிழியைத்தான் படமாகப் போடுகின்றன; பேருந்தில் ஏறி வேலைக்குப் போகும் நூற்றுக்கணக்கான வகை நோயாளிகளை அது மறைத்துவிடுகிறது.

ஸ்கிட்டில் நாள்கள்தான் விதியை எழுதுகின்றன. டி செல்கள் தைமஸ் சுரப்பியில் முதிரும்போது வெட்டி எறியும் வட்டமான டி.என்.ஏ. துண்டுகளை, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்து அட்டையில் உலர்த்திய ரத்தப் பொட்டிலேயே அளக்கலாம். துண்டுகள் இல்லையென்றால் டி செல்களும் இல்லை. 2008இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யத் தொடங்கியது. பத்தாண்டுக்குள் மற்ற மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. அப்படித் தேடிய பிறகுதான் ஏறத்தாழ 58,000 குழந்தைகளில் ஒன்றுக்கு ஸ்கிட் இருப்பது தெரிந்தது. முன்பு நினைத்ததைவிட இது அதிகம். கண்டுபிடித்து மூன்றரை மாத வயதுக்குள், பிறருடைய ரத்த மூல அணுக்களைச் செலுத்தும் ஸ்டெம் செல் மாற்று செய்யப்பட்ட குழந்தைகளில் 94 சதவீதத்தினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்ததாக 2014இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது. தொற்று வந்த பின் செய்வதில் இந்த வெற்றி கிடைப்பதில்லை. இந்தப் பரிசோதனை இல்லாத இடங்களில் குழந்தைக்குப் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி என்பதால், ஊசி போட்ட இடம் புண்ணாகி, அக்குள் கணு வீங்கி, பின் உடலெங்கும் பரவுவதே நோயின் முதல் அறிவிப்பாக அமைந்துவிடுகிறது.

எதிர்ப்பொருள் குறைபாடுள்ள பெரும்பாலோருக்கு ஸ்டெம் செல் மாற்று தேவையில்லை. எதிர்ப்பொருள்களைத் திரட்டிய இம்யூனோகுளோபுலின்தான் அவர்களுடைய அன்றாடம். மருந்து என்று சொன்னாலும் அது பிறர் உடல் தயாரித்தது. ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து பிரித்தெடுப்பதால், அத்தனை பேர் சந்தித்த கிருமிகளின் நினைவும் அந்தப் புட்டிக்குள் இருக்கிறது. கொடையிலிருந்து புட்டியாக மாறுவதற்கு ஏழு முதல் பன்னிரண்டு மாதம் பிடிக்கும். வளர்ந்த ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்கு 130க்கும் மேற்பட்ட பிளாஸ்மா கொடைகள் வேண்டும். மருந்துக்குத் தட்டுப்பாடு வரும்போது தொழிற்சாலையை இரண்டு ஷிப்ட் ஓட்டிச் சமாளிக்க முடியாததன் காரணம் இதுதான். 1990களின் தொடக்கத்தில் இம்மருந்தின் வழியே சிலருக்கு ஹெபடைடிஸ் சி பரவியது; அதன் பின் கரைப்பான் முறை, அமிலச் சூழலில் வைத்தல், நுண்வடிகட்டல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ் நீக்கப் படிகள் கட்டாயமாயின.

நரம்பில் ஏற்றுவதென்றால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கடன் வாங்கிய எதிர்ப்பொருள் என்பதால் தாயிடமிருந்து வந்ததைப் போலவே இதுவும் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். நான்காவது வாரத்தில் உடல் கனத்து, மூக்கு அடைத்து, "டோஸ் தீர்ந்துபோச்சு" என்று நோயாளிகளே சொல்லுமளவுக்கு அது தெரியும். அதை மனப்பிரமை என்று தள்ளாமல், அடுத்த டோஸுக்குச் சற்றுமுன் ஐ.ஜி.ஜி. அளவைப் பார்த்து இடைவெளியைக் குறைப்பதே முறை. எல்லோருக்கும் ஒரே இலக்கு எண் வைப்பதும் சரியில்லை; ஒருவருக்கு டெசிலிட்டருக்கு 700 மில்லிகிராம் போதும், நுரையீரல் பழுதான இன்னொருவருக்கு 1,000 வேண்டியிருக்கும். எந்த அளவில் அவருக்குத் தொற்று நிற்கிறதோ அதுதான் அவருடைய அளவு. வேகமாக ஏற்றினால் தலைவலி, குளிர்நடுக்கம், முதுகுவலி வரும். அநேகமாக வேகத்தைக் குறைத்தாலே அடங்கிவிடும். முதல் நாளே நிறையத் தண்ணீர் குடிப்பது தலைவலியைப் பாதியாக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வதில் நியாயம் உண்டு. அரிதாக ரத்தம் உறைதலும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம் என்பதால், முதியவர்களுக்கு ஏற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

தோலுக்கடியில் செலுத்தும் முறை புரூட்டனின் பழைய வழியேதான், புதிய பம்போடு திரும்பி வந்திருக்கிறது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாரம் 2 கிராம் என்றால், 20 சதவீதக் கரைசலில் அது 10 மில்லி. தாய் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மேசைமேல் வைக்கிறாள். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும், வெந்நீரில் வைத்தால் புரதம் கெட்டுவிடும். கையைக் கழுவி, மருந்தை சிரிஞ்சில் ஏற்றி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துச் சிறு ஊசியைச் செருகியதும், சிரிஞ்சைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறாள். வரவில்லை. பம்ப் ஓடத் தொடங்குகிறது. குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கதைப்புத்தகம் பார்க்கிறது. ஒரு மணி நேரத்தில் ஊசி இருந்த இடம் சிறு எலுமிச்சை போலப் புடைத்து, மறுநாளைக்குள் வடிந்துவிடும். புட்டியிலிருந்து உரித்த தொகுதி எண் ஸ்டிக்கரை நோட்டுப்புத்தகத்தில் தேதியோடு ஒட்டுவது கடைசி வேலை. இந்த முறையில் அளவு ஏறி இறங்காமல் வாரம் முழுக்க ஏறக்குறைய சீராக இருப்பதால், நான்காவது வாரச் சோர்வு போய்விடுகிறது. பதிலுக்கு, மருத்துவமனைப் பொறுப்பின் ஒரு பகுதி வீட்டின் தோளில் ஏறுகிறது. எல்லாக் குடும்பத்துக்கும் அது ஒத்துவராது என்பதை மருத்துவர்கள் ஏற்க வேண்டும்.

இம்யூனோகுளோபுலின் செய்ய முடியாதவையும் உண்டு. அதில் இருப்பது ஏறக்குறைய ஐ.ஜி.ஜி. மட்டுமே, மூக்கு, மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் ஈரப்பரப்பைக் காக்கும் ஐ.ஜி.ஏ.வை அது தருவதில்லை. எனவே நிமோனியா நின்ற பிறகும் சைனஸ் தொல்லை தொடரும். சிகிச்சைக்கு முன்பே மூச்சுக்குழாய்கள் விரிந்து சிதைந்திருந்தால் அவை பழைய நிலைக்குத் திரும்பா; தினமும் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியும், சிலருக்கு வாரத்தில் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் தேவை. இன்னொரு முரணும் இங்கே இருக்கிறது. காவல் குறைந்த உடலிலேயே காவல் தன் வீட்டையே தாக்குவதும் நடக்கிறது: தட்டணுக்கள் அழிவது, ரத்தசோகை, குடல் அழற்சி, நுரையீரலில் சிறுகட்டிகள் என்று சுயதாக்கு நோய்கள் இவர்களுக்கு மற்றவர்களை விட அதிகம். தொற்றே வராமல், தட்டணுக் குறைவோடு மட்டும் ரத்தநோய் மருத்துவரிடம் முதலில் போய் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

விழுங்கும் அணுக்களின் குறைபாடான சி.ஜி.டி.யில் வாழ்க்கை வேறு மாதிரி. எதிர்ப்பொருள் அங்கே குறைவில்லை, அதனால் இம்யூனோகுளோபுலினால் பயனில்லை. நாள்தோறும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும்தான் வேலி. மக்கிய இலைகளையும் எருவையும் கிளறும்போது எழும் பூஞ்சை வித்துகள் சில நாள்களில் உயிருக்கு ஆபத்தான நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் என்பதால், தோட்ட வேலை இவர்களுக்குத் தடை. பள்ளிக்கு அனுப்பலாம், விளையாட விடலாம், செடிக்கு மண் கிளற மட்டும் விடக்கூடாது என்று ஆசிரியரிடம் விளக்கிச் சொல்ல நேரும்போது, காரணம் புரியாதவருக்கு அது மிகைக் கவலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நிரந்தரத் தீர்வாக முதலில் வந்தது ஸ்டெம் செல் மாற்று. 1968இல் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர், ஸ்கிட் நோயுற்ற ஓர் ஆண் குழந்தைக்கு அவன் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்டார்கள். ஒத்த திசுவுள்ள உடன்பிறப்பு கிடைக்காதவர்களுக்கு இன்று பெற்றோரில் ஒருவரின் பாதி பொருத்தமான அணுக்களைக் கொண்டும் செய்ய முடிகிறது. மரபணுச் சிகிச்சை 1990இல் அமெரிக்காவில் ஏ.டி.ஏ. நொதி இல்லாத சிறுமிக்கு முதலில் முயலப்பட்டது. பாரிஸில் அலென் ஃபிஷர் குழுவினர் எக்ஸ் குரோமோசோம் வகை ஸ்கிட்டைச் சரிசெய்து காட்டியது பெரும் நம்பிக்கையைக் கொடுத்தது. சில ஆண்டுகளில் அந்தக் குழந்தைகளில் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மரபணுவைச் சுமந்துசென்ற வைரஸ், புற்றைத் தூண்டும் ஒரு மரபணுவின் அருகில் போய் அமர்ந்துவிட்டதே காரணம். அந்தத் தூண்டும் பகுதியை நீக்கிய புதிய வைரஸ் ஊர்திகளைக் கொண்டு இப்போது சிகிச்சை தொடர்கிறது. இதற்கிடையே, பிழையான புரதத்தையே குறிவைக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன: பி.ஐ.3.கே. டெல்டா என்ற நொதி அளவுக்கு மீறி இயங்கும் நோய்க்கு லெனியோலிசிப் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை எந்தக் குறைபாட்டில் தவிர்க்க வேண்டும் என்று சிறப்பு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் இல்லாதவர் இருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசிவழி போலியோ மருந்தே நல்லது. பிரிட்டனில் ஒரு மனிதர், குழந்தைப் பருவத்தில் பெற்ற சொட்டு மருந்தின் வைரஸை 28 ஆண்டுகளாக மலத்தில் வெளியேற்றிவந்தது 2015இல் பதிவானது. அடுத்தது, அறியாத ஆய்வகத்தை எளிதில் ஏமாற்றும் ஒன்று: இம்யூனோகுளோபுலின் பெறுபவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனைகள் கொடையாளிகளின் எதிர்ப்பொருளையே காட்டும். ஹெபடைடிஸ் பி வந்து போனதாகத் தோன்றும், வந்திருக்காது, எனவே பி.சி.ஆர். போல, கிருமியையே தேடும் சோதனைதான் கேட்க வேண்டும். டி செல் குறைபாடு இருப்பவருக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தமே தர வேண்டும் என்பதை அவசரப் பிரிவில் சொல்ல ஆள் இல்லாமல் போகலாம் என்பதால், அதை எழுதிய கடிதத்தைப் பையில் வைத்திருப்பது பழக்கமாக வேண்டும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளும் லேகியங்களும் இல்லாத மரபணுவை எழுதித் தருவதில்லை. அவற்றுக்காக ஒரு டோஸைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான கேடு.

நோய் உறுதியானதும் மரபணு ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் குடும்ப மரத்தை வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் வகைகளில் தாய் பழுதைச் சுமந்திருப்பாள், பெரும்பாலும் அவளுக்கு எந்தத் தொல்லையும் இருக்காது; மகன்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் நோய் வரும். தாயோடு பிறந்த ஆண் குழந்தைகளில் யாராவது சிறு வயதிலேயே போனதுண்டா என்று கேட்கும்போது, அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த பாட்டி, தனக்கு மூத்த மகன் ஒருவன் இருந்தான், எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான் என்பாள். பேரனுக்கு முகம் தெரியாத அந்தத் தாய்மாமனின் சதுரத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். அடுத்த கேள்வி தாயின் தங்கைகளைப் பற்றியது. அவர்களில் யாராவது கருவுற்றிருந்தால், பிறக்கப்போகும் ஆண் குழந்தையின் ரத்தத்தைப் பார்த்து முடிக்கும்வரை பி.சி.ஜி. போட வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி, அன்றே அனுப்பிவைப்பார்கள்.